'டோன்ட் வொர்ரி' சொல்லக் கூடாத வீடு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் வீட்டில் யாராவது வாய் தவறி 'டோன்ட் வொர்ரி' என்று சொல்லிவிட்டால் தட்டு அடிக்கப்படும். அடிப்பவள் நான்தான். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு குழிக்கரண்டி, ஓங்கி ஒரு 'டங்'. பக்கத்து வீட்டு நாய் முதலில் சில நாள் குரைத்துப் பார்த்தது, பிறகு அதுவும் பழகிக்கொண்டது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து தப்பு என்று சொல்லும் அதிகாரம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. அதைப் போல ஒன்று அதற்குப் பிறகு இன்றுவரை கிடைக்கவில்லை.

அது கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் சித்தியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சித்தி அம்மாவின் தங்கை. இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், அம்மாதான் அவளுக்குச் சடை பின்னி, சோறு ஊட்டி, நர்ஸிங் காலேஜ் வாசல் வரை கொண்டுபோய் விட்டவள். அம்மாவுக்குக் கல்யாணமானபோது பித்தளைக் குடத்தோடும் பீரோவோடும் சித்தியும் சீராக வந்தாள் என்று மாமா கேலி செய்வார். எங்களோடேயே வளர்ந்து, எங்களோடேயே இருந்தாள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அம்மா அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், ஈசிஆர் ஓரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சித்தி நர்ஸ். ஊசி போடுவதில் கெட்டிக்காரி. ஊசிக்கு முன்னால் பேசுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. மீன் முள் தொண்டையில் சிக்கியவர், பைக்கிலிருந்து விழுந்தவர், மருமகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்து தானே மயக்கம் போட்ட மாமியார், யாராக இருந்தாலும் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆவாதும்மா, நான் கீறேன்ல" என்பாள். பாதி நோய் அங்கேயே இறங்கிவிடும். "அந்த ஒண்ணும் ஆவாது நர்ஸம்மா இன்னிக்கு டூட்டில கீறாங்களா?" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

பேர் வாங்கிக் கொடுத்த அந்த வார்த்தைதான் அவளைக் கவிழ்த்தது.

இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி சித்தியை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நடுவில் நின்றது ஆங்கிலப் பரீட்சை மட்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் மயிரிழையில் போய்விட்டது. பேச்சுப் பரீட்சை என்றால் கேள்விக்குப் பதில் சொல்வதல்ல. கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த அட்டையில் உள்ளபடி நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ நடிப்பார். அவரிடம் நர்ஸ் எப்படிப் பேசுகிறாள் என்பதற்குத்தான் மதிப்பெண். நடித்தவர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னதும், சித்தி எழுந்துபோய் அவர் தோளைத் தட்டி, "டோன்ட் வொர்ரி, நத்திங் வில் ஹேப்பன்" என்று சொல்லிவிட்டு, பாஸாகிவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுபடி எழுத ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதையும் விட்டால் அந்த ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் சித்தி போனில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் நான், வீட்டுப்பாடம் எழுதுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு. சித்தியைவிட எனக்குத்தான் அந்தப் பாடம் சீக்கிரம் மண்டையில் ஏறியது. பரீட்சை எனக்கில்லையே!

என்ன பாடம் அது! ஒரே விஷயத்தைச் சொல்ல நாலைந்து வாக்கியம் இருக்கும். எல்லாம் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை. ஆனால் ஒன்றுதான் உள்ளே வரலாம், மற்றவை வாசலோடு போக வேண்டும். 'வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்' என்று கேட்டால் சட்டையைப் பிடிப்பது மாதிரியாம். 'ஹௌ கேன் ஐ ஹெல்ப் யூ டுடே' என்றால் நாற்காலி போடுவது மாதிரியாம். 'யூ மஸ்ட் டேக் திஸ் டேப்லட்' என்றால் மிரட்டல், 'இட் வுட் பி பெட்டர் இஃப் யூ டேக் இட்' என்றால் மரியாதை. எங்கள் வீட்டில் கஷாயம் எப்போதும் முதல் வகையில்தான் புகட்டப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 'ஐ நோ ஹௌ யூ ஃபீல்' கூடவே கூடாது, அடுத்தவர் மனசு உனக்கு எப்படித் தெரியும்? 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' பரவாயில்லை. எல்லாவற்றிலும் உசத்தி, 'ஐ கேன் ஸீ தட் யூ ஆர் வொர்ரீட்'. நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரிகிறது. அவ்வளவுதான். கவலைப்படாதே என்று உத்தரவு போடக் கூடாது, கவலையைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றும் ஆகாது என்று சொல்லவே கூடாது, ஆகிவிட்டால் யார் பொறுப்பு? உன் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுக்காதே, 'ஐ ஹோப்' என்று சொல், 'வி வில் ட்ரை' என்று சொல், 'ஐ ப்ராமிஸ்' பக்கமே போகாதே என்று டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுவார்.

இன்று நான் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில், பொருள் வந்து சேராதவர்களுக்கும் பணம் திரும்பாதவர்களுக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறேன். 'ஐ கேன் ஸீ' இல்லாமல் என் மேஜையிலிருந்து ஒரு பதிலும் போகாது. படித்த படிப்பெல்லாம் போக, சோறு போடுவது அந்தச் சர்க்கரை டப்பாப் பாடம்தான்.

சித்திக்கும் பாடம் புரிந்தது. நாக்குக்குத்தான் புரியவில்லை. "பயந்துகினு கீறவங்ககிட்ட போயி, நீ பயந்துகினு கீறன்னு சொல்றது இன்னாடி ஆறுதலு?" என்று என்னையே கேட்பாள். அதற்குத்தான் மார்க் என்று நான் பெரிய மனுஷியாகப் பதில் சொல்லுவேன். தட்டு என் யோசனை. எங்கள் பள்ளி வினாடி வினாவில் தப்பான பதிலுக்கு மணி அடிப்பார்கள். வீட்டில் மணி இல்லை, தட்டு இருந்தது. சித்தி அதைக் கேட்டதும் குதித்துவிட்டாள். "அடிடி, நல்லா அடி! உன் சத்தத்துக்குப் பயந்தாவது என் நாக்கு திருந்தட்டும்" என்றாள். அன்றிலிருந்து வீடே அதிர்ந்தது.

நோயாளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தரமான நோயாளிக்குத்தான் பஞ்சம். நான் வயிற்றுவலிக்காரியாக உட்கார்ந்தால், சித்தி கேட்பதற்கு முன்பே சரியான கேள்வியை நானே சொல்லிவிடுவேன். அப்பா கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்டாஃப் பஸ் ஓட்டுபவர். இருட்டோடு எழுந்து போகிறவர். நோயாளியாகப் பாயில் படுத்ததும் நிஜமாகவே குறட்டை விடுவார். எஞ்சியவர் மாமா. அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். பக்கத்துத் தெருவில் குடியிருந்தார், கல் பட்டறையில் சிலைகளுக்குப் பாலிஷ் போடும் வேலை. ஆஸ்பத்திரிப் படியை மிதித்தே அறியாத அந்த மனிதருக்கு அந்த மாதங்களில் வராத வியாதி இல்லை. மாலையில் பட்டறை ரோட்டில் போகும் வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த ஆங்கிலம் அவருக்கு உண்டு: "கம் மேடம், நோ பையிங், லுக்கிங் ஃப்ரீ!" அதை வைத்துக்கொண்டே பிரசவ வலி வரைக்கும் நடித்துவிட்டார்.

அம்மா மட்டும் ஒரு நாளும் வரவில்லை. "அக்கா, ஒரே ஒரு வாட்டி உக்காருக்கா. நீ பேஷன்டோட அக்கான்னு வச்சிக்கலாம்" என்று சித்தி கெஞ்சுவாள். அம்மாவுக்கு அப்போதுதான் மீன் கழுவ வேண்டியிருக்கும். அல்லது கொடியில் துணி காய்ந்துவிட்டிருக்கும். அல்லது, "உங்க கூத்துக்கு நான் ஒருத்திதான் கொறச்சலா?" என்று அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். அம்மாவுக்கு ஆங்கிலம் என்றால் பயம் என்று நானாகவே முடிவு செய்து, பள்ளியில் என் தோழிகளிடமும் சொல்லிவிட்டேன். அம்மா கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அங்கே நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களிடம் துண்டு போதுமா, தண்ணீர் வேண்டுமா, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அவள் பேசியது என்ன மொழி என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் கடைசிப் பெரிய ஒத்திகை. வீட்டில் இடம் போதாது, நிஜ ஆஸ்பத்திரி மாதிரி நீளமாகக் கட்டில் வேண்டும் என்று மாமா எங்களைப் பட்டறைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஞாயிறன்று மிஷின்கள் ஓடாது. தகரக் கூரையின் கீழே பாதி முடிந்த பிள்ளையார்களும் மூக்கு வைக்காத புத்தரும் எங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். முன்பக்கம் ரோட்டைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். மாமா ஒரு நீளமான கருங்கல் பலகையின் மேல் ஏறி மல்லாந்து படுத்தார். படுத்தவர் மறுபடி எழுந்து, கீழே கிடந்த கல் மாவை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டார்.

"நெஞ்சு வலி வந்தவன் வெளுத்துப் போயி இருக்கணும் இல்ல?" என்றார்.

சித்தி கையில் அட்டையோடு நின்றாள். நான் பிள்ளையாரின் பீடத்தில் ஏறி உட்கார்ந்து தட்டைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஆரம்பம்.

"மை செஸ்ட்! ஐயோ மை செஸ்ட்! மேடம், ஐ டை!" என்று மாமா போட்ட சத்தத்தில் கூரையிலிருந்து புறா பறந்தது.

"ஐ கேன் ஸீ தட் யூ ஆர் இன் பெயின்," என்றாள் சித்தி, இடத்தை விட்டு அசையாமல், அழகாக. முழு மார்க். "வுட் யூ லைக் டு டெல் மீ மோர் அபௌட் இட்?"

"மோர் பெயின் மேடம்! ஃபுல் பெயின்!" மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லின் மேலேயே புரண்டார். சித்திக்கு நாக்கு நழுவியது. "டோன்ட் வொர்..." என்று ஆரம்பித்தாள். நான் விடுவேனா? டங்!

இதை ரோட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வாடகை சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் பார்த்துவிட்டார். முகமெல்லாம் வெளுத்துப்போன ஒரு மனிதன் கல்லின் மேல் கிடந்து உயிருக்குத் துடிக்கிறான். அவனுக்கு எதிரே ஒரு பெண் அட்டையைப் பார்த்து ஏதோ படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சிறுமி சாமி பீடத்தில் உட்கார்ந்து தட்டு அடிக்கிறாள். சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, தொப்பி ஒரு பக்கம் பறந்தது. அந்த அம்மாள் உள்ளே ஓடி வந்து, "ஒய் ஆர் யூ ஜஸ்ட் ஸ்டாண்டிங் தேர்?" என்று சித்தியைப் பார்த்துக் கத்திவிட்டு, கல்லருகே மண்டிபோட்டு மாமாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யூ ஆர் ஆல் ரைட், டார்லிங். யூ ஆர் கோயிங் டு பி ஃபைன். டோன்ட் வொர்ரி."

என் கை தானாக எழுந்துவிட்டது. டங்! வெள்ளைக்காரியாகவே இருந்தாலும் தப்பு தப்புதானே.

மாமா அப்போதாவது எழுந்திருக்கலாம். தங்கச்சி தனக்குத் தெரியாமல் நிஜப் பரிசோதகரையே ஒத்திகைக்கு அழைத்து வந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். அதனால் இன்னும் பலமாக நடித்தார். கண்ணைச் செருகினார், காலை உதைத்தார். எதிர்ப்பக்கத்து இளநீர்க்காரர் கையில் அரிவாளோடேயே ஓடி வந்தார். மாமாவின் சிநேகிதரான ஆட்டோக்காரர், "மச்சான்! இன்னாடா ஆச்சு?" என்று அலறிக்கொண்டு வண்டியைப் பட்டறைக்குள்ளேயே பின்பக்கமாக ஏற்றினார். கண் மூடித் திறப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கை ஒரு காலைப் பிடித்து மாமாவைத் தூக்கினார்கள். மாமா ஒரு கண்ணை லேசாகத் திறந்தார். அவ்வளவு ஜனத்தையும் பார்த்தார். வெட்கம் தாங்காமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ண மூடிட்டான்டா!" என்று ஆட்டோக்காரர் அழவே ஆரம்பித்தார். வெள்ளைக்கார அம்மாளுக்குக் கை நடுங்கியது, உதடு நடுங்கியது.

சித்தி அட்டையைத் தூக்கி எறிந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஆட்டோவுக்குள் பாதி ஏறியிருந்த மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "எய்ந்திரு அண்ணா! மானம் போவுது!" பிறகு திரும்பி, அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தோளைத் தட்டித் தட்டி, மூச்சுவிடாமல் கொட்டினாள். "மேடம், டோன்ட் வொர்ரி மேடம், நத்திங் ஹேப்பன்ட், நத்திங் வில் ஹேப்பன், ஹி இஸ் மை பிரதர், ஹி இஸ் ஆக்டிங், ஐ ஆம் த நர்ஸ், திஸ் இஸ் ஃபார் மை எக்ஸாம், ஐ ப்ராமிஸ் மேடம், ப்ராமிஸ்!"

டீச்சர் கேட்டிருந்தால் போனை உடைத்திருப்பார். நான் கரண்டியை ஓங்கினேன். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் அந்த அம்மாளின் நடுக்கம் நின்றுவிட்டது. சித்தியின் கையை விடாமல், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். மாமா மாவு முகத்தோடு எழுந்து உட்கார்ந்து, ஒரு சலாம் வைத்து, தனக்குத் தெரிந்த மரியாதையான ஆங்கிலத்தில், "ஸாரி மேடம். லுக்கிங் ஃப்ரீ" என்றார்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஆட்டோக்காரர் மட்டும் மாமாவை உண்மையாகவே கொல்லப் பார்த்தார். இளநீர்க்காரர் எல்லாருக்கும் இளநீர் வெட்டினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்துக்காரியாம்! சித்தி போகப்போகிற அதே நாடு! சித்தி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எந்த வாக்கியம் சரி, எது தப்பு என்று ஒரு கணம்கூடத் தயங்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, சித்தி போய்விட்டால் உனக்கு ஏக்கமாக இருக்காதா என்று கேட்டார்.

"நோ!" என்றேன் பீடத்திலிருந்து குதித்து. "வி ஆர் வெரி ஹாப்பி!"

அவர் சிரித்துக்கொண்டே, "ஐ கேன் ஸீ தட்" என்றார். உசத்தியான வாக்கியம், அதுவும் இங்கிலாந்து வாயால்! என் பங்குக்கு முழு மார்க் போட்டேன். சொல்லிவிட்டு அவர் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். டீ பிளாஸ்க்கோடு அம்மா வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. சித்தி, "மை சிஸ்டர்" என்றாள். அந்த அம்மாள் எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அம்மா பதில் சொன்னாள், ஆங்கிலத்தில், நிறையச் சொன்னாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. இளநீரில் வழுக்கை இருந்தது.

புதன்கிழமை சென்னையில் பரீட்சை. நான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவோடு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். சித்தி வாசலில் தெரிந்ததுமே ஓடினேன். அட்டையில் ஆபரேஷனுக்குப் பயப்படும் ஒரு பெண்மணியாம். தோளைத் தட்டக் கை எழுந்ததாம், அந்தக் கையைத் துப்பட்டாவைச் சரிசெய்வது போல் மடக்கிக்கொண்டாளாம். 'டோன்ட் வொர்ரி' வாய் வரை வந்தபோது காதுக்குள் 'டங்' என்று கேட்டதாம். "உன் தட்டுதான்டி காப்பாத்துச்சி" என்று ரோடு என்றும் பார்க்காமல் என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

பாஸ்! போனில் செய்தி வந்த அன்று, ஆளில்லாத ஸ்டாஃப் பஸ்ஸை டிப்போவுக்குத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, வீணாக ஹாரன் அடித்தே அறியாதவர், எங்கள் தெருமுனையிலிருந்து கடைசி வரை ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டிக்கொண்டு போனார். மாமா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். நான் பள்ளியில், எங்கள் சித்தியை நான்தான் பாஸ் பண்ண வைத்தேன் என்று அறிவித்தேன், நம்பாதவர்களிடம் சண்டையும் போட்டேன். அன்று அம்மா வைத்த இறால் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. சந்தோஷத்தில் அப்படித்தான் ஆகும் என்று மாமா சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அதற்குப் பிறகு எல்லாமே வேகம். விசா வந்தது, பெட்டி வந்தது, ஸ்வெட்டர் வந்தது. போட்டுப் பார்க்கிறேன் என்று மாமா அந்தச் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வந்தார். சித்தி கிளம்பிய நாள் மதியம் வாசலில் வேன் நின்றபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதுவரை நான் விமான நிலையத்தைப் பார்த்ததே இல்லை. சித்திக்கு என் பரிசும் தயாராக இருந்தது. அந்தத் தட்டையும் கரண்டியையும் பூப்போட்ட காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அங்கே தப்பு செய்தால் அடித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கேளம்பாக்கம் வரை மாமா விடாமல் பேசிக்கொண்டு வந்தார். அம்மாவும் சித்தியும் எனக்கு முன் சீட்டில். சித்தியின் கைப்பை அம்மாவின் மடியில் இருந்தது.

அப்போதுதான் அம்மா கேட்டாள். அத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நோயாளியின் அக்காவாக உட்கார மாட்டேன் என்றவள், நேராக ரோட்டைப் பார்த்தபடி, "எப்ப பாப்பா வருவ?" என்றாள்.

சித்தி சட்டென்று அவள் தோளைத் தட்டினாள். "பொங்கலுக்கு வந்துடுவேன்க்கா. சத்தியமா. ஒண்ணும் ஆவாது, நீ கவலப்படாத."

நான் விரல் விட்டு எண்ணினேன். வாக்குக் கொடுத்தது ஒன்று, ஒன்றும் ஆகாது என்றது ஒன்று, கவலைப்படாதே என்றது ஒன்று. தமிழில் சொன்னால் மட்டும் சரியாகிவிடுமா? காகிதத்தோடேயே கரண்டியால் தட்டின் மேல் ஓங்கி அடித்தேன். டொக், டொக், டொக்.

"சித்தி! மூணு தப்பு!"

மாமா சிரிக்க வாயெடுத்தார். பிறகு என்னவோ சிரிக்கவில்லை. அம்மா திரும்பி என் மடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை. கைப்பையின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். சித்தி இப்போது சரியான வாக்கியத்தைச் சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாக்கியம் வரவில்லை. அப்படியே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், முதுகு குலுங்கியது.

மறந்துவிட்டாள்! பரீட்சையில் அவ்வளவு அழகாகச் சொன்னவள் விமானம் ஏறுவதற்குள்ளேயே மறந்துவிட்டாளே, போகிற இடத்தில் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டும் கையில் இல்லை. சீட்டைப் பிடித்து எழுந்து நின்று, அவள் காதருகே குனிந்து, விமான நிலையம் வரும்வரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

"ஐ கேன் ஸீ, சித்தி. சொல்லு சித்தி. ஐ கேன் ஸீ..."